செல்லுக்குள் சுமை தூக்குபவர்கள்

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்களில் ஒருநாள் கேட்டார்: "மருந்தக் கையில ஏத்துறாங்க. கால் விரல் ஏன்டா மரத்துப்போவுது? அதுவும் ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி?" நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடந்தால்கூட அவருக்குத் தெரியவில்லை.

மருந்து நரம்பையும் கொஞ்சம் தொடும் என்று அன்றைக்குச் சொன்னேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டால் நம் உடம்பைப் பற்றி, அதற்கும் முன்னால் ஒரே ஒரு செல்லாக மிதந்துகொண்டிருந்த நம் மூதாதையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

அவருக்குப் போட்ட மருந்துகளில் ஒன்றின் பெயர் வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. சென்னையில் மதில் ஓரம், ரயில் பாதை ஓரம் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்குமே, அதேதான். செல்லுக்குள் நுண்குழல்கள் என்று சில சாலைகள் உண்டு. இந்த மருந்து அந்தச் சாலைகள் உருவாகாமல் கெடுக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுவது இந்த நுண்குழல்களின் வேலை. அவை இல்லையென்றால் பிரிய முடியாது. ஓயாமல் பிரியும் புற்றுநோய் செல் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு சாகிறது. சரி, நரம்பு செல் பிரிவதே இல்லையே, அது ஏன் பாதிக்கப்பட வேண்டும்?

அதற்கு அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும். கால் கட்டைவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்லின் உடல், கீழ் முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அது மணல் துகளைவிடச் சிறியது. அதிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் என்ற இழை, தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் தாண்டி விரல்நுனி வரை போகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர், எல்லாம் ஒரே செல். அந்த நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை முதுகருகே இருக்கும் செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து விரலுக்கு எப்படிப் போகும்?

தண்ணீரில் மை பரவுவதுபோலத் தானாகப் பரவிப் போகும் என்று நினைக்கலாம். குறைந்த தூரத்துக்கு அது போதும். ஆனால் பரவல் ஒரு கறாரான கணக்கு வைத்திருக்கிறது: தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. 100 நானோமீட்டர் அளவுள்ள ஒரு சரக்குப் பை தண்ணீரில் தானாக மிதந்து ஒரு மைக்ரோமீட்டர் போக ஒரு விநாடிகூட ஆகாது. அதே பை ஒரு மீட்டர் போக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சங்க காலத்தில் முதுகிலிருந்து கிளம்பிய பை இன்னும் விரலுக்கு வந்து சேர்ந்திருக்காது.

ஆகவே சுமந்து போக ஆள் வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி ஒரு இடம் வரைதான் வரும். அங்கிருந்து கடை வரை வெங்காய மூட்டையும் கோஸ் மூட்டையும் யாரோ ஒருவரின் முதுகில்தான் போகின்றன. செல்லுக்குள் அந்த வேலையைச் செய்பவைதான் மோட்டார் புரதங்கள். மூன்று குடும்பங்கள் உண்டு: கைனசின், டைனீன், மயோசின். முதல் இரண்டும் நுண்குழல் சாலையில் நடப்பவை. மூன்றாவது, ஆக்டின் என்ற மெல்லிய இழைமேல் நடப்பது.

இவற்றில் கைனசினைக் கண்டுபிடித்த கதை காசிமேட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது கடம்பாவில் தொடங்குகிறது. கணவாய் என்றும் சொல்வோம். கடம்பாவின் உடல் சுவரில், தண்ணீரைப் பீய்ச்சித் தப்பி ஓடுவதற்காக ஒரு ராட்சத ஆக்ஸான் இருக்கிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டர் வரை போகும், வெறும் கண்ணுக்கே தெரியும். நம் ஆக்ஸான்களோடு ஒப்பிட்டால் நூல் பக்கத்தில் தேர்வடம் மாதிரி. நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கண்டறிந்ததும் இதை வைத்துத்தான்.

1983-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்டு வேல் என்ற மாணவரும் மைக்கேல் ஷீட்ஸ் என்ற ஆய்வாளரும் ஆக்ஸானுக்குள் சரக்கு நகர்வதைப் படிக்க விரும்பினார்கள். அந்த வருஷம் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம். கலிஃபோர்னியா கடலில் வழக்கமாகக் கிடைக்கும் கடம்பா காணாமல் போய்விட்டது. நாட்டின் எதிர்க் கரையில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் இருக்கும் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். ராட்சத ஆக்ஸானிலிருந்து பற்பசையைப் பிதுக்குவதுபோல உள்ளிருக்கும் கூழை வெளியே எடுக்கலாம். வெளியே வந்த பிறகும், எரிபொருளான ஏடிபி இருக்கும்வரை, அந்தக் கூழில் சரக்குப் பைகள் ஓடிக்கொண்டே இருந்தன. செல்லே இல்லை, ஆனால் போக்குவரத்து நிற்கவில்லை. தாமஸ் ரீஸும் சேர்ந்துகொள்ள, ஓட்டுவது யார் என்று ஒவ்வொரு புரதமாகப் பிரித்துத் தேடி, 1985-இல் ஒன்றைப் பிடித்தார்கள். அசைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கைனசின் என்று பெயர் வைத்தார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கைனசினுக்கு இரண்டு தலைகள். பெயர்தான் தலை, வேலை பாதத்தின் வேலை. அந்த இரண்டும் நுண்குழலைப் பிடிக்கின்றன. தலைக்கு மேலே குட்டியாக ஒரு கழுத்து, பிறகு நீண்ட தண்டு, கடைசியில் சரக்கைப் பிடிக்கும் வால். முன்னால் இருக்கும் தலையில் ஒரு ஏடிபி மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் அதன் கழுத்து முன்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த இழுப்பில் பின்தலை முன்னே வீசப்பட்டு அடுத்த இடத்தைப் பிடிக்கிறது. பிறகு இது பின்கால், அது முன்கால். ஒரு எட்டுக்கு ஒரு ஏடிபி. ஒரு எட்டு என்பது 8 நானோமீட்டர், நுண்குழலைக் கட்டும் செங்கல் ஒன்றின் நீளம் சரியாக அதுதான். 1993-இல், கைனசின் இழுத்துப் போகும் ஒரு சின்ன மணியை லேசர் ஒளியால் பிடித்து வைத்துக்கொண்டு, இந்த ஒற்றை எட்டுகளையே அளந்துவிட்டார்கள்.

விநாடிக்குச் சுமார் 100 எட்டு. இதை நம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம். கைனசினின் ஒரு எட்டு நம் எட்டைப்போல 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாலையின் அகலம் இரண்டரை மீட்டர். தூக்கும் பை மூன்று மாடி உயர உருண்டை. முதுகிலிருந்து கால்விரல் வரையான தூரம் ஒரு லட்சம் கிலோமீட்டர், அதாவது பூமியை இரண்டரைச் சுற்று. இத்தனையும், எல்லாத் திசையிலிருந்தும் தண்ணீர் மூலக்கூறுகள் மோதித் தள்ளிக்கொண்டிருக்கும் நெரிசலுக்குள். ஒரு கைனசின் சராசரியாக நூறு எட்டு வைப்பதற்குள் சாலையைவிட்டு நழுவிவிடும். ஆனால் ஒரு பையில் பல கைனசின்கள் ஒட்டியிருப்பதால் ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும். வேகமான சரக்குகள் இப்படி ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் வரை போகின்றன.

விரல்நுனியிலிருந்து திரும்பி வரவும் ஆள் வேண்டும். தேய்ந்த மைட்டோகாண்ட்ரியா (ஏடிபி தயாரிக்கும் செல் உறுப்புகள்), நுனியில் கிடைத்த செய்திகள், பழைய சவ்வுகள் எல்லாம் செல் உடலுக்குத் திரும்ப வேண்டும். அது டைனீனின் பொறுப்பு. நுண்குழலுக்கு ஒரு வழிச் சாலைபோல முன், பின் உண்டு. பெரும்பாலான கைனசின்கள் ஒரு முனைக்கும் டைனீன் எதிர்முனைக்கும் போகின்றன. நெரிசலில் டைனீன் பக்கவாட்டிலும் விலகி நடக்கும். தனியாக ஒரு டைனீனுக்குப் பலம் குறைவு, கூட்டமாகச் சேர்ந்தால் அசைக்க முடியாததை அசைக்கும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் தேர்வடத்தைத் தனியாகப் பிடிப்பவரும் ஊரோடு சேர்ந்து பிடிப்பவரும் ஒன்றா? இந்தக் கூட்டு இழுப்பை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழு அருமையாக ஆராய்ந்திருக்கிறது.

மயோசின்தான் மூவரில் பழைய பெயர். ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூனே 1864-இல் தசையிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. நம் கை மடங்குவதும் இதயம் துடிப்பதும் கோடிக்கணக்கான மயோசின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுத்து விடுவதால். இதில் ஒரு விந்தை: பிடியை விடுவதற்குத்தான் ஏடிபி வந்து உட்கார வேண்டும். உயிர் போய் ஏடிபி தீர்ந்ததும் தலைகள் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்கின்றன. காசிமேட்டில் மீன் வாங்கும்போது தலையைப் பிடித்துத் தூக்கி, வால் தொங்காமல் விறைப்பாக நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அப்போது பார்ப்பது பூட்டிக்கொண்ட மயோசின்களைத்தான். நேரம் ஆக ஆக புரதங்கள் சிதைந்து மீன் மறுபடி தொளதொளக்கும்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நித்தியகல்யாணி மட்டுமல்ல, நம் மாநில மலரான செங்காந்தளும் நுண்குழலைத் தாக்கும் நஞ்சு வைத்திருக்கிறது. அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின், நுண்குழலின் செங்கலான டியூபுலினைப் பற்றிக்கொள்ளும். டியூபுலின் என்று ஒரு புரதம் இருப்பதே 1960-களில் கோல்ச்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியபோதுதான் பிடிபட்டது. மேய வரும் விலங்குகளின் சாலையைக் குலைத்தால் தன்னைத் தின்னமாட்டார்கள் என்று வெவ்வேறு செடிகள் தனித்தனியாக வந்து சேர்ந்த இடம் இது. டியூபுலின் எல்லா விலங்குகளிலும் ஏறக்குறைய ஒன்றேதான், ஆகவே ஒரே நஞ்சு எல்லோருக்கும் போதும்.

இனி மரபணுக்கள். மோட்டார் புரதமும் மற்றப் புரதங்களைப்போல அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான். எந்த அமிலத்துக்குப் பின் எது என்பதை மரபணு சொல்கிறது. சங்கிலி தானாக மடிந்து தலையாகவும் கழுத்தாகவும் ஆகிறது. அது எந்தெந்தக் கோணத்தில் மடிய முடியும், எதில் முடியாது என்ற வரைபடத்தை 1963-இல் வரைந்தது நம் கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். இன்றும் உலகில் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால், அது சரியா என்று சோதிக்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கைனசினின் தலையும் அந்தச் சோதனையைத் தாண்டியதுதான்.

மனிதர்களுக்குச் சுமார் 45 கைனசின் மரபணுக்கள். மயோசினுக்கு 40 அளவில். சரக்கு சுமக்கும் டைனீனுக்கு முக்கியமான சங்கிலி இரண்டே இரண்டு, அதில் ஒன்றுதான் செல்லின் பெரும்பாலான வேலைகளைச் செய்கிறது. ரொட்டி ஈஸ்டுக்கு 6 கைனசின் போதும். இந்த 45-ம் 45 தனித்தனிக் கண்டுபிடிப்புகள் அல்ல. டிஎன்ஏ நகலெடுக்கும்போது சில சமயம் ஒரு மரபணு தவறுதலாக இரண்டு முறை நகலாகிவிடும். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மாறிப் பார்க்கச் சுதந்திரம் பெறும். பெரும்பாலும் அது வீணாகப் போகும், எப்போதாவது புது வேலை ஒன்று அமையும்.

சென்னையின் மீன்பாடி வண்டியைப் பாருங்கள். பழைய பைக் எஞ்சினைக் கழற்றி, முன்னால் ஒரு பலகை வண்டியைக் கட்டி, அதில் ஐஸ் பெட்டியோ கம்பியோ பீரோவோ ஏற்றிக்கொண்டு போவார்கள். எஞ்சினைப் புதிதாக யாரும் வடிவமைக்கவில்லை. கட்டியிருக்கும் வண்டிதான் மாறுகிறது. கைனசின்களும் அப்படியே: தலை, அதாவது எஞ்சின், ஈயிலும் புழுவிலும் நம்மிலும் ஏறக்குறைய ஒன்று. வால்கள் தாறுமாறாக வேறுபடும். ஒரு வால் மைட்டோகாண்ட்ரியாவைப் பிடிக்கும், இன்னொன்று நரம்பு நுனிக்குப் போகும் பைகளை. ஆனால் சில குடும்பங்களில் எஞ்சினும் விசித்திரமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. கைனசின்-14 என்ற குடும்பத்தில் கழுத்து வேறு மாதிரி அமைந்ததால் அது பின்னோக்கிப் போகிறது. கைனசின்-13 நடப்பதையே விட்டுவிட்டு, சாலையின் முனையில் உட்கார்ந்து செங்கல்லைப் பிரித்து எடுக்கிறது.

எது எந்தச் சரக்கைத் தூக்குகிறது என்று எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் பழுதான மரபணுக்களைப் பார்த்துத்தான். 1974-இல் சிட்னி பிரென்னர் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றில் சடுதி மாற்றங்களை உண்டாக்கி, சரியாக நெளிய முடியாத புழுக்களைப் பொறுக்கி எண் போட்டு வைத்தார். அவற்றில் அன்க்-104 என்ற மரபணு பழுதான புழு கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது. பிறகு பார்த்தால், நரம்பு நுனியில் இருக்க வேண்டிய பைகள் எல்லாம் செல் உடலிலேயே தேங்கிக் கிடந்தன. கடைக்குப் போக வேண்டிய மூட்டைகள் லாரியடியிலேயே குவிந்ததுபோல. அந்த மரபணு ஒரு கைனசின். அதன் மனிதப் பங்காளி கிஃப்-1ஏ. குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதமும் கால் விறைப்பும் உண்டாக்கும் ஒரு அரிய நோய் இந்த மரபணுவின் பிழையால் வருவது.

எலிகளில் நிறம் வெளிறிப்போன ஒரு வகையை ரசனைக்காக வளர்த்துவந்தார்கள். அந்த வெளிறலுக்குக் காரணம் மயோசின்-5 என்று 1991-இல் தெரிந்தது. நிறத்துக்கான கருமைத் துகள்கள் வழக்கம்போலத் தயாராகின்றன, செல்லின் ஓரத்துக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. அதனால் முடிக்குள் அவை சரியாகப் பரவுவதில்லை. இதே மரபணு பழுதான மனிதர்களுக்கு வெள்ளி நிற முடி. நோயின் பெயர் கிரிசெல்லி.

இன்னொன்றை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. டைனீன் முதலில் கிடைத்தது நரம்பில் அல்ல. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியின் குறு இழைகளில், அதாவது செல்லின் மேல் மயிர்போல நீட்டி அசையும் இழைகளில், 1963-இல் இயான் கிப்பன்ஸ் கண்டது. நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுவதும், விந்தணுவின் வாலை அசைப்பதும் அதே டைனீன் வகைதான். 1976-இல் ஸ்வீடனின் பியோர்ன் அஃப்சீலியஸ், ஓயாத சளியும் சைனஸ் தொந்தரவும் உள்ள சில ஆண்களின் விந்தணு அசைவதில்லை என்றும், அவற்றின் இழைகளில் டைனீன் கைகளே இல்லை என்றும் காட்டினார். அவர்களில் பலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. சளிக்கும் இதயம் இடம் மாறுவதற்கும் என்ன சம்பந்தம்?

விடை கருவில் இருந்தது. ஆரம்ப நாட்களில் கருவின் ஒரு சின்னக் குழியில் குறு இழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாக ஓட்டுகின்றன. எது இடம் என்று உடம்பு தெரிந்துகொள்வது அந்த ஓட்டத்தில்தான். ஜப்பானின் நொபுதாகா ஹிரோகாவாவின் ஆய்வகம் 1998-இல் எலிக் கருவில் இதைப் படம் பிடித்துக் காட்டியது. டைனீன் இல்லையென்றால் ஓட்டம் இல்லை, இடமா வலமா என்பது காசு சுண்டிப் போட்டதுபோல் ஆகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியும், மீதிப் பேருக்குச் சரியான பக்கத்திலும் இருக்கின்றன. மரபணு 'வலம்' என்று தப்பாக எழுதவில்லை, எழுதுவதையே விட்டுவிடுகிறது. முதல்முறை இது புரிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

இப்போது பரிணாமத்தின் ஆழத்துக்குப் போகலாம். கைனசினும் மயோசினும் வேறு வேறு சாலையில் நடப்பவை. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை அநேகமாக இல்லை. மயோசின் தலை கைனசின் தலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் 1996-இல் கைனசின் தலையின் படிக அமைப்பு வெளியானபோது, நடுப்பகுதி மயோசினின் நடுப்பகுதியோடு அப்படியே பொருந்தியது. எழுத்துகள் அழிந்த பிறகும் மடிப்பு அழியவில்லை. இரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். அந்த மடிப்பு, செல்லுக்குள் செய்திகளைத் திறந்து மூடும் சில சுவிட்ச் புரதங்களிலும் இருக்கிறது. ஒரு சின்ன மூலக்கூறு வந்து ஒட்டினால் ஒரு வடிவம், உடைந்து போனால் இன்னொரு வடிவம். அந்தச் சுவிட்சின் சின்ன அசைவோடு ஒரு நெம்புகோலைக் கட்டினால் அது கால் ஆகிவிடுகிறது.

டைனீன் இந்தக் குடும்பமே அல்ல. ஆறு கட்டைகள் வளையமாகச் சேர்ந்த ராட்சதப் புரதம். மனித டைனீனின் ஒரு சங்கிலியில் மட்டும் 4,646 அமினோ அமிலங்கள். கைனசினுக்கு ஆயிரத்துக்கும் கீழே. டைனீனின் உறவுக்காரர்கள் பாக்டீரியா வரை இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் புரதங்களைப் பிரிப்பது, இழுத்து அவிழ்ப்பது போன்ற வேலை பார்க்கிறவர்கள். நடப்பது என்ற திறமை செல்லுக்குள் குறைந்தது இரண்டு முறை, இரண்டு வேறு பொருள்களிலிருந்து செய்யப்பட்டிருக்கிறது.

பாக்டீரியாவில் இந்த மூன்று மோட்டாரும் கிடையாது. ஆனால் சாலைகளின் உறவினர் உண்டு: டியூபுலினுக்கு ஒரு பங்காளி, ஆக்டினுக்கு ஒரு பங்காளி. சாலை முதலில், நடப்பவர்கள் பிறகு. உட்கரு உள்ள எல்லா உயிர்களுக்கும், அதாவது ஈஸ்டுக்கும் வேப்பமரத்துக்கும் நமக்கும் பொதுவான அந்தக் கடைசி மூதாதை வாழ்ந்தது 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். இன்றைய உயிர்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த ஒற்றைச் செல்லிடமே பத்துக்கும் மேற்பட்ட கைனசின் குடும்பங்களும், டைனீனும், சில மயோசின்களும், நீந்தக் குறு இழைகளும் இருந்திருக்கின்றன. நரம்பு என்ற ஒன்றே வராத காலம் அது.

வந்ததெல்லாம் தங்கியதும் இல்லை. பூக்கும் தாவரங்கள் டைனீனைத் தொலைத்துவிட்டன. மாமரத்தில் ஒரு டைனீனும் கிடையாது. சென்னை வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியிடம் இருக்கிறது, ஏனென்றால் அதன் ஆண் இனச்செல் இன்னும் ஆயிரக்கணக்கான இழைகளால் நீந்துகிறது. மகரந்தக் குழாய் வந்து நீச்சல் தேவையற்றுப்போன பரம்பரைகளில் டைனீன் மரபணுவும் போனது. செல்லுக்குள் திரும்பி வரும் வேலையைத் தாவரங்களில் பின்னோக்கி நடக்கும் கைனசின்கள் பார்க்கின்றன. அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடிக்கு 61 கைனசின் மரபணுக்கள், நம்மைவிட அதிகம்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான ஒரு மரபணுச் செய்தியும் உண்டு. இதய மயோசினைப் பிடித்து அதன் வேலையைச் சீராக்கும் துணைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009-இல் இதை வெளியிட்டார்கள். இது இதயத் தசை நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது. வைத்திருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தீங்கான ஒன்று ஏன் இத்தனை பேரிடம் தங்கியது? பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள், மரபணுவும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வரும் துன்பத்தை இயற்கைத் தேர்வு அநேகமாகப் பார்ப்பதில்லை.

இனி பெரியம்மாவின் கால் விரல். கிஃப்-5ஏ என்ற கைனசின் நரம்பு செல்லில் வேலை செய்வது. அதன் தலையில் ஒரு அமினோ அமிலம் மாறினாலும் சிலருக்குப் பரம்பரையாகக் கால்கள் விறைத்துப்போகும் நோய் வருகிறது. கை பெரும்பாலும் தப்பிக்கிறது, கால்தான் மாட்டிக்கொள்கிறது. அதே புரதத்தின் வால் மாறினால் வேறு நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் ஏஎல்எஸ் என்று 2018-இல் தெரிந்தது. சும்மா இருக்கும்போது வால் மடங்கித் தலையைத் தொட்டு எஞ்சினை அணைத்து வைக்கும். வால் கெட்டால் அணைக்க முடிவதில்லை.

ஏன் கால்? கைனசினும் டைனீனும் ஒரு செல் உயிரியின் சில மைக்ரோமீட்டர் தூரத்துக்காக உருவானவை. அந்த எஞ்சினை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பரிணாமம் நம் உடம்பை நீட்டிக்கொண்டே போனது. இன்று அது 12 கோடிக்கும் மேல் எட்டு வைத்து விரலுக்குப் போக வேண்டியிருக்கிறது. சின்ன செல்லில் சாலை பத்து சதவீதம் பழுதானால் யாருக்கும் தெரியாது. ஒரு மீட்டர் செல்லில் வழியெல்லாம் பழுது சேர்ந்துகொண்டே போய், கடைசிக் கடைக்குச் சரக்கு நின்றுவிடும். கோளாறு மரபணுவில் இருந்தாலும், நித்தியகல்யாணி மருந்தால் சாலையில் வந்தாலும், முதலில் காய்வது அந்தக் கடைசிக் கடைதான். இரண்டு காலும் ஒரே நீளம், அதனால் இரண்டும் ஒன்றாக மரத்தன. கை விரல் நரம்பு குட்டை, அதனால் அங்கே லேசான குறுகுறுப்போடு நின்றது.

இதைப் போன மாதம் பெரியம்மாவிடம் சொன்னேன். மருந்து நின்றதும் நுண்குழல்கள் மறுபடி கட்டிக்கொள்ளும், காய்ந்துபோன நுனி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்றும் சொன்னேன். இப்போது செருப்பு கழன்றால் தெரிகிறதாம். பாதம் முழுக்க உணர்வு வந்துவிட்டது. இரண்டு கட்டைவிரல் நுனிகள் மட்டும் இன்னும் பாக்கி.